இரண்டு பக்கமும் ஆடிய மாமி

முதலுதவிக்காரர் இன்னும் வந்து சேரவில்லை. அவர் வராமல் ஆட்டத்தைத் தொடங்கக் கூடாது என்பது விதி. அதனால் எங்கள் பொசம்ஸ் அணிப் பெண்களும், எங்களை அடித்து நொறுக்கவென்றே வந்திருந்த எதிரணிப் பெண்களும், தோளில் கவசமும் மடியில் ஹெல்மெட்டுமாக ஈரப் புல்லில் குந்திக்கொண்டிருந்தோம். அது அரையிறுதி ஆட்டம். யாரோ ஒருத்தி வாழைப்பழம் பங்கிட்டாள். எதிரணிக்கும் கொடுத்தாள்.

நான் மட்டும் அடிக்கடி எழுந்து போய், பையில் கிடந்த கைப்பேசியில் மணி பார்த்தேன்.

ஏனென்றால் அதே நேரம், சில ரயில் ஸ்ரேசன்கள் தள்ளி, சிட்னியின் வென்ட்வேர்த்வில்லில் ஒரு மண்டபத்தில் என் அண்ணன் மகள் ஷரோனுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார்கள். அன்று அவளுடைய சாமத்திய வீடு, பூப்பெய்திய பிள்ளைக்குச் செய்யும் விழா. அழைப்பிதழில் காலை பதினொரு மணி என்று போட்டிருந்தது. நம்முடைய ஆட்களின் பதினொரு மணி எப்போது வரும் என்பது எனக்குத் தெரியாதா? மத்தியானம் தாண்டித்தான் வரும். ஆட்டத்தை முடித்து, குளித்து, சேலை உடுத்திக்கொண்டு ஆறுதலாகப் போனாலும், வாசலில் பன்னீர் தெளிக்க நிற்கும் பிள்ளைகூட அப்போதுதான் வந்திறங்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

இந்த நாட்டில் இத்தனை காலம் சீவித்தும் அந்தக் கணக்கு எனக்கு ஒருமுறைகூடப் பிழைத்ததில்லை.

போன கிழமை இந்தப் பத்திரிகையில் நான் பேருந்து ஓட்டக் கற்ற கதையை எழுதியிருந்தேன். அதில் போகிற போக்கில், “பிற்காலத்தில் அமெரிக்கன் ஃபுட்போல் ஆடியபோது” என்று ஒரு வரி விட்டிருந்தேன். ஆசிரியர் அதைப் பிடித்துக்கொண்டார். “இதைச் சொல்லாமல் கியர் மாற்றுவதைப் பற்றி நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்களே” என்று தொலைபேசியில் கோபித்துக்கொண்டார். ஆகவே இந்தக் கிழமை அந்தக் கதை. முதலுதவிக்காரர் வரும்வரை சொல்ல நேரமிருக்கிறது.

கரம் வீராங்கனை

நான் மன்னாரில் பிறந்த காலத்திலிருந்தே பெரிய உடம்புக்காரி. பள்ளிக்கூடத்தில் எனக்குத் “தோணி” என்று பட்டம். சேலைக் கடைகளில் என்னைக் கண்டதும் விற்பனைப் பெண்கள் பிளவுஸ் துணியைத் தனியாக அளந்து பார்ப்பார்கள். கலியாண வீடுகளில் படம் எடுக்கும்போது, “ஸ்ரெல்லா, நீ கொஞ்சம் பின்னுக்கு நில் பிள்ளை” என்று யாராவது ஒருவர் சொல்லியே தீருவார். எனக்கும் அது பழகிப் போய், சொல்லுமுன்னரே பின்னுக்குப் போய் நின்றுவிடுவேன்.

சிட்னியில் நான் பேருந்து ஓட்டத் தொடங்கிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒருநாள் பரமட்டாவில், சக்கர நாற்காலியில் வந்த ஒருவரை ஏற்றுவதற்காகச் சாய்தளப் பலகையை இழுத்தேன். அது இறுகிக்கொண்டது. வழமையாக அப்படி நடந்தால் டிப்போவுக்கு அழைத்து, ஆள் வரும்வரை பயணிகளின் முணுமுணுப்பைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு அன்று பசி. ஒரு கையால் பலகையைப் பிடித்து ஒரு இழுவை இழுத்தேன். அது வந்துவிட்டது, இரண்டு ஆணிகளோடு.

முன் இருக்கையில் பெரிய பையோடு ஒரு தொங்கா நாட்டுப் பெண் இருந்தாள். அவள்தான் மெலே, பொசம்ஸ் அணியின் தலைவி, ஆரம்பப் பள்ளி ஒன்றில் உதவி ஆசிரியை. அவள் பலகையைப் பார்க்கவில்லை. என் தோளைப் பார்த்தாள்.

“நீ ஏதாவது விளையாடுவாயா?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

“கரம் விளையாடுவேன்.”

“அது என்ன?”

“மேசையில் பலகை வைத்துக் காய் தட்டுவது.”

மெலே என் தோளை இன்னொரு தடவை பார்த்தாள். “பரவாயில்லை, செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு வா” என்றாள்.

முதல் நாள் பயிற்சியில் எனக்குத் தோள் கவசம் மாட்டிவிட்ட பிள்ளை, ஆகப் பெரிய அளவை எடுத்து வந்து, “இது உனக்குச் சரியாக இருக்கிறது, உனக்கு அதிர்ஷ்டம்” என்றாள். என் வாழ்க்கையில் ஆகப் பெரிய அளவு ஒன்று எனக்குப் பொருந்தியதற்காக யாரும் என்னை வாழ்த்தியதில்லை. அப்போது எனக்கு வயது முப்பத்தைந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. அன்று வீட்டுக்குப் போய்க் கண்ணாடிக்கு முன்னால் நின்று, என் தோள்களை நானே திரும்பத் திரும்பப் பார்த்தேன். எனக்கு என்னைப் பிடித்திருந்தது.

வாங்கில் யாரும் இல்லை

இந்த ஆட்டத்தைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு அணியிடம் பந்து இருக்கும். அது பந்தோடு முன்னேறப் பார்க்கும். மற்ற அணி அதை மறிக்கும். அமெரிக்காவில் முன்னேறுவதற்கு ஒரு கூட்டம், மறிப்பதற்கு வேறொரு கூட்டம் வைத்திருப்பார்கள். ஒரு கூட்டம் ஆடும்போது மற்றக் கூட்டம் ஓரத்து வாங்கில், அதாவது பெஞ்சில், இருந்து தண்ணீர் குடிக்கும்.

சிட்னியில் பெண்கள் அணிக்கு அவ்வளவு ஆட்களுக்கு எங்கே போவது? ஒருத்திக்கு வேலை, ஒருத்திக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல், இன்னொருத்திக்குப் பழைய காதலன் திரும்பி வந்துவிட்டான். பதினொரு பேரைச் சேர்ப்பதே பெரும்பாடு. ஆகவே இருந்தவர்கள் எல்லோரும் இரண்டு பக்கமும் ஆடினோம். எங்கள் வாங்கில் பைகள் மட்டும்தான் இருந்தன.

என் வேலை எளிமையானது. பந்து எங்களிடம் இருக்கும்போது, முன்வரிசையில் நின்று எனக்கு எதிரே நிற்பவளைத் தள்ளி, பந்தோடு வருபவளுக்கு வழி திறக்க வேண்டும். பந்து கைமாறியதும், அதே வழியை நானே அடைக்க வேண்டும். எதிரணியிலும் ஆள் பஞ்சம் என்பதால், ஆட்டம் முழுக்க ஒரே பெண்ணைத்தான் தள்ளிக்கொண்டிருப்பேன். மூச்சு வாங்கும் இடைவெளிகளில் கதைத்துக்கொள்வோம். ஆட்டம் முடியும்போது அவளுடைய பிள்ளைகளின் பெயர்கள், வீட்டு வாடகை, மாமியாரின் குணம் எல்லாம் எனக்குத் தெரிந்திருக்கும்.

பந்து? அதை நான் தொடுவதில்லை. முன்வரிசையில் நிற்பவர்கள் தொடத் தேவையில்லை. ஒரேயொரு தடவை, யாருடைய கையிலிருந்தோ நழுவி என் காலடிக்கு வந்தது. அதன்மேல் விழுந்தேன். என்மேல் இரண்டு அணிகளும் விழுந்தன. அவர்கள் ஒவ்வொருவராக எழும்பிப் போன பிறகு, நடுவர் பந்தை என் வயிற்றுக்கடியிலிருந்து இழுத்தெடுத்துக்கொண்டார்.

என் அண்ணன் அன்ரனிக்கு இதை விளங்கப்படுத்தவே முடியவில்லை. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் அவர் கேட்பது ஒரே கேள்விதான்.

“இண்டைக்காவது பந்தைத் தொட்டனியோ?”

“இல்லை அண்ணா.”

“பிறகு என்னத்துக்குப் போறாய்?”

அவர் ஒருநாளும் மைதானத்துக்கு வந்ததில்லை. ஷரோன் வருவாள். பாடமெல்லாம் முடித்தாயிற்று என்று தாய்க்குச் சொல்லிவிட்டு வந்து, மடக்குக் கதிரையைப் போட்டுக்கொண்டு, சிப்ஸ் தின்றபடி என்னைப் படம் எடுப்பாள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பிள்ளை. “மாமி” என்ற சொல்லை மட்டும் தமிழில் வைத்திருந்தாள்.

கிரெய்கிபர்னில் ஒரு விசாரணை

ஒரு தடவை நட்பு ஆட்டம் ஒன்றுக்கு மெல்பேர்னுக்குப் போனோம். மற்றவர்கள் மலிவான விடுதியில் தங்கினார்கள். நான் கிரெய்கிபர்னில் இருந்த பிலோமினா அன்ரி வீட்டில் தங்கினேன். அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை. எங்கள் சொந்தத்தில் எந்த வீட்டில் எந்த நிகழ்வு நடந்தாலும், “பிலோமினா அன்ரி என்ன சொல்லுவாவோ” என்று ஒரு பயம் எல்லோருக்கும் உண்டு. எனக்கும் உண்டு.

ஆட்டத்துக்கு அடுத்த நாள் காலை, அவவின் குசினியில் மேல்தட்டிலிருந்து கோப்பை எடுக்கக் கையைத் தூக்கினேன். சட்டைக் கை வழுக்கி இறங்கியது. முழங்கையிலிருந்து தோள்வரை கத்தரிக்காய் நிறத்தில் கண்டல் காயங்கள்.

அன்ரி அடுப்பைக் குறைத்தார். கதவைச் சாத்தினார்.

“ஆர் அடிச்சது?”

“ஒருத்தரும் இல்லை அன்ரி. விளையாட்டில பட்டது.”

“என்னட்டை மறைக்காத பிள்ளை. எல்லாரும் படியில விழுந்தனான் எண்டுதான் சொல்லுறது. நீ விளையாட்டு எண்டுறாய். ஆர் அவன்?”

நான் எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. கடைசியில் ஷரோன் எடுத்து அனுப்பியிருந்த பழைய காணொளி ஒன்றைக் கைப்பேசியில் போட்டுக் காட்டினேன். அன்ரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். அதில் நான் ஒரு பெண்ணை அலாக்காகத் தூக்கிப் புல்லில் கிடத்திவிட்டு, அவள்மேல் நடந்து போவதுபோல் இருந்தது. அன்ரி திரும்பவும் போடச் சொல்லிப் பார்த்தார்.

“இந்தப் பிள்ளைக்கு ஒண்டும் நடக்கேல்லையே?”

“இல்லை அன்ரி. எழும்பி வந்து என்னைக் கட்டிப்பிடிச்சவள்.”

“நல்ல வளர்ப்பு” என்றார் அன்ரி. பிறகு அடுப்பைக் கூட்டி, பிட்டோடு தின்ன எனக்கு இன்னொரு முட்டை பொரித்தார்.

அவர் அப்படி விசாரித்ததற்குக் காரணம் இருந்தது. அதற்குச் சிறிது காலத்துக்கு முன்புதான் என் கலியாணம் முறிந்திருந்தது. அதில் அடிதடி எதுவும் இல்லை. இரண்டு நல்ல மனிதர்கள் ஒரே வீட்டில் இருந்து அலுத்துப்போனோம், அவ்வளவுதான். கோட்டில் வழக்குப் போட்டுப் பிரிந்தோம். கோயிலில், எங்கள் கத்தோலிக்க முறைப்படி, அதற்கென்று மனுப் போட்டு, குருவானவர்மார் விசாரித்து, கலியாணமே செல்லாது என்று எழுதி வாங்க வேண்டும். அவரும் போடவில்லை, நானும் போடவில்லை. பெரிய கொள்கை எதுவும் இல்லை. இருவருக்குமே பஞ்சி, வெறும் சோம்பல்.

சாப்பாட்டுப் பக்கம்

ஷரோன் பெரிய பிள்ளையானதும், பள்ளி விடுமுறையில் மண்டபம் எடுத்துப் பெரிதாகச் செய்வதென்று அண்ணன் முடிவு செய்தார். ஒரு ஞாயிறு அவர் வீட்டுக் குசினி மேசையைச் சுற்றி இருந்து யார் யாருக்கு என்னென்ன வேலை என்று பிரித்தோம்.

சாமத்திய வீட்டில் முக்கியமானது ஆலாத்தி. பிள்ளையை அலங்கரித்து மணவறையில் இருத்தி, இரண்டு பெண்கள் அவளுக்கு இரு பக்கமும் நின்று, திரி கொளுத்திய தட்டை ஆளுக்கொரு கையாகப் பிடித்து அவள் முன்னால் சுற்றுவார்கள். முதல் தட்டு மாமிக்கு உரியது, அதாவது தகப்பனின் சகோதரிக்கு. ஷரோனுக்கு இருப்பது நான் ஒருத்திதான்.

ஆனால் தட்டுப் பிடிக்கிறவள் கணவனோடு வாழ்கிறவளாக இருக்க வேண்டும் என்பதும் வழக்கம். வேதக்கார வீடுகளிலும் இந்த வழக்கம் அப்படியேதான் இருக்கிறது. மாதா படத்துக்கு முன்னாலும் ஆலாத்தித் தட்டுக்கு ஒரு சட்டம் தனியாக உண்டு.

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. மேசை விரிப்பைத் தடவிக்கொண்டே சொன்னார்.

“ஸ்ரெல்லா, நீ சாப்பாட்டுப் பக்கம் பாத்துக்கொள். நீ நிண்டால்தான் எனக்கு நிம்மதி.”

“ஓம் அண்ணா.”

“மெல்பேர்னில இருந்து பிலோமினா அன்ரி ஆக்களும் வருகினம். தேவையில்லாத கதையள் வரும். உனக்குத் தெரியும்தானே.”

“ஓம் அண்ணா, தெரியும்.”

ஷரோன் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கினாள். “வை இஸ் மாமி டூயிங் ஃபூட்?” என்றாள்.

“நீ உன்ர வேலையைப் பார்” என்றார் அவளுடைய தாய் றெஜினா, என் அண்ணி. அவருடைய குரலும் இறங்கித்தான் இருந்தது.

எனக்கு நெஞ்சு வலித்தது. அதைப் பூசி மெழுகிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அந்தப் பிள்ளை பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் அவளைத் தாய்க்கு அடுத்ததாகத் தூக்கியவள் நான். திங்கட்கிழமை பஸ் ஓட்டும்போது வழியெல்லாம் அழுதேன். நல்லவேளை, ஓட்டுநரின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை.

மறுநாள் பயிற்சியில் மெலேக்குச் சொன்னேன். அவள் என்னைத் தள்ளுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். “உங்கள் வீட்டில் அப்பாவின் சகோதரியையா சமையல் பக்கம் அனுப்புகிறார்கள்?” என்று கேட்டாள். தொங்காவில் அப்பாவின் சகோதரிதான் குடும்பத்தில் ஆகப் பெரிய ஆளாம். அவள் வந்து பாயில் இருக்காமல் எந்த விசேடமும் தொடங்காதாம். மெலேயின் மாமி ஒருத்தி விமானம் பிந்தி வந்ததால், ஒரு கலியாணமே அடுத்த நாளுக்குத் தள்ளிப் போனதாம்.

“உன் அண்ணனிடம் நான் கதைக்கட்டுமா?” என்றாள்.

மெலே கதைப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்றேன்.

அரையிறுதி நாள் அறிவிக்கப்பட்டபோது அது சாமத்திய வீட்டு நாளாகவே இருந்தது. மற்ற நேரமென்றால் நான் ஆட்டத்தை விட்டிருப்பேன். சாப்பாடு கொண்டுவருபவர்கள் மத்தியானம்தான் வருவார்கள், சோற்றுச் சட்டிகளுக்குக் காலையிலேயே காவல் நிற்கத் தேவையில்லை என்று ரோசத்தோடு நினைத்துக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். ஷரோனுக்கு மட்டும், “மாமி கொஞ்சம் பிந்துவன்” என்று ஒரு செய்தி அனுப்பினேன். அவள் ஒரு கட்டைவிரலை அனுப்பினாள்.

கடிகாரம் ஓடட்டும்

முதலுதவிக்காரர் ஒருவழியாக வந்தார். வழியில் டயர் போய்விட்டதாம். வெள்ளைக்காரரின் ஆட்டம் நம்முடைய நேரத்தில் தொடங்கியது.

நம்முடைய விழாவோ வெள்ளைக்காரரின் நேரத்தில் தொடங்கிவிட்டது. மண்டபத்தைப் பின்னேரம் இன்னொரு குடும்பத்துக்குக் கொடுத்திருந்தார்கள். பதினொரு மணிக்குத் தொடங்காவிட்டால் விளக்கை நூர்த்து, இருட்டாக்கிவிடுவேன் என்று மண்டபக்காரர் சொல்லியிருக்கிறார். அண்ணனும் பயத்தில் எல்லோருக்கும் வீடுவீடாக அழைத்து நேரத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார். எனக்கு மட்டும் அழைக்கவில்லை. நான் எப்படியும் முன்னதாகவே வந்து நிற்பேன் என்ற நம்பிக்கை.

இடைவேளையில் கைப்பேசியை எடுத்தேன். அண்ணி அழைத்துக் களைத்திருந்தார். திருப்பி அழைத்தேன்.

“ஸ்ரெல்லா, எங்க நிக்கிறாய்?” பின்னால் நாதஸ்வர இசைத்தட்டு ஓடிக்கொண்டிருந்தது. “பிள்ளை மணவறையில இருக்கிறாள். ஆலாத்தி எடுக்க விடுறாள் இல்லை. முதல் தட்டு மாமிதானாம், மாமி வந்தாத்தானாம். சனம் முழுக்கப் பாத்துக்கொண்டிருக்கு.”

“அண்ணா என்ன சொல்லுறார்?”

“அவர் வேர்த்துப்போய் நிக்கிறார்.”

“பிலோமினா அன்ரி?”

“அவதான் இப்ப எழும்பி மேடைக்குப் போறா” என்றார் அண்ணி. “நான் வைக்கிறன்.”

நான் கைப்பேசியைப் பிடித்தபடி நின்றேன். அன்ரி மேடையேறி என்ன சொல்லப் போகிறாரோ? அங்கே பிள்ளை எனக்காகப் பிடிவாதமாக இருக்கிறாள். இங்கே வாங்கில் பைகளைத் தவிர யாருமில்லை. நான் போனால் எங்கள் முன்வரிசையில் ஒரு வாசல் திறந்துவிடும், எதிரணி அதனூடாகவே போய் வரும்.

மெலேக்குச் சொன்னேன். அவள் ஒரு வார்த்தையும் வீணாக்கவில்லை.

“போ” என்றாள்.

“போக மாட்டேன்.”

“அப்படியானால் விரைவாக முடிப்போம்.”

இதை விளங்கப்படுத்த வேண்டும். இந்த ஆட்டத்தில் பந்தை எறிந்து, அது பிடிபடாமல் நிலத்தில் விழுந்தால் கடிகாரத்தை நிறுத்திவிடுவார்கள். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குள்ளேயே ஓடி விழுந்தால் கடிகாரம் நிற்காது. எறியாமல் ஓடிக்கொண்டே இருந்தால் நேரம் கரையும். அப்போது நாங்கள் ஆறு புள்ளி முன்னுக்கு நின்றோம். நேரத்தைக் கரைப்பது எங்களுக்கு நல்லதும்கூட.

“எல்லாரும் கேளுங்கள். இனி எறிதல் இல்லை. ஒவ்வொரு தடவையும் ஸ்ரெல்லாவின் பக்கத்தால்தான் ஓடுகிறோம். அவளுடைய மருமகள் காத்திருக்கிறாள்” என்றாள் மெலே.

அப்படியே ஓடினோம். நான் வழி திறப்பேன், பந்தோடு ஒருத்தி என் முதுகை உரசிக்கொண்டு ஓடுவாள், நாலைந்து யார்டு போய் விழுவாள். எழும்பி வந்து திரும்பவும் அதே வழி. ஒரு குருடனுக்கும் தெரியும், அடுத்ததும் இந்தப் பக்கம்தான் வரும் என்று. எனக்கு எதிரே நின்றவள் ஒரு தாதி, பெயர் கேட். அவளால் தாங்க முடியவில்லை.

“ஏன் ஒவ்வொரு தடவையும் இங்கேயே வருகிறீர்கள்?” என்று மூச்சிரைக்கக் கேட்டாள்.

“என் அண்ணன் மகளுக்கு விழா. நான் போக வேண்டும்.”

“அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே” என்றாள் கேட். அடுத்த தடவை இன்னும் பலமாக இடித்தாள்.

பந்து அவர்கள் கைக்குப் போனபோது அதே வழியை அடைத்தேன். கால் இரண்டும் மரத்துப் போயின. வாயில் புல் சுவைத்தது. ஆனால் அன்றுபோல் நான் ஒருநாளும் ஆடியதில்லை. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. யார் வந்தாலும் தள்ளினேன். நான் தள்ளியது சில தடவை கேட்டை, சில தடவை மேசை விரிப்பைத் தடவிய அண்ணனை, சில தடவை என்னைப் பின்னுக்கு நிற்கச் சொன்ன படப்பிடிப்பாளர்களை.

விசில் ஊதியது. அந்த ஆறு புள்ளி முன்னிலையோடேயே வென்றோம். அடுத்த வாரம் இறுதி ஆட்டத்தில் நன்றாக வாங்கிக் கட்டினோம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது விளக்கு

குளிக்கவில்லை. கவசத்தைக் கழற்றி மெலேயின் வண்டிக்குப் பின்னால் எறிந்துவிட்டு ஏறினேன். மேய்ஸ் ஹில்லில் முருகன் கோயிலுக்கு வந்த கார்கள் வரிசை கட்டி நின்றன. மடு மாதாவைத்தான் கூப்பிட்டுக்கொண்டு வந்தேன். அந்த இடம் முருகனுடையது என்பதால் அவரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன். வழி விட்டார்.

மண்டபத்தின் பின்கதவால் குசினிக்குள் நுழைந்தேன். அண்ணி ஒரு நீலப் பட்டுச் சேலையோடு நின்றார். ஜேர்சிக்கு மேலாலேயே சேலையைச் சுற்றத் தொடங்கினார்.

“அன்ரி என்ன சொன்னவா?” என்று கேட்டேன்.

அண்ணி கொசுவம் மடித்தபடியே சொன்னார். அன்ரி மேடையேறி, ஒலிவாங்கியை வாங்காமலே, முன்வரிசைக்குக் கேட்கக் கதைத்தாராம்.

“ஸ்ரெல்லாவுக்குக் கலியாணம் எங்க நடந்தது? கோயிலில. கோயிலில பிரிச்சவையோ? இல்லை. கோட் எழுதினதை ஃபாதர் ஏற்றுக்கொள்ளுவாரோ? மாட்டார். அப்ப எங்கட வேதத்தின்ர படி அவள் இண்டைக்கும் கலியாணம் கட்டினவள். தட்டுப் பிடிக்க வேறென்ன வேணும்? ஆருக்கும் சந்தேகமெண்டால் ஃபாதர் முன்னுக்குத்தான் இருக்கிறார், கேளுங்கோ.”

குருவானவர் முன்வரிசையில் மோதகம் தின்றுகொண்டிருந்தாராம். எல்லோரும் தன்னைப் பார்ப்பதைக் கண்டு, வாயில் மோதகத்தோடு தலையாட்டினாராம். எதற்கென்று அவருக்கு முழுதாக விளங்கியதோ தெரியாது.

என் சோம்பலுக்கு இப்படி ஒரு பலன் இருக்குமென்று நான் கனவிலும் நினைக்கவில்லை. சிரித்தேன். சிரித்ததில் விலா எலும்பு வலித்தது.

“மூண்டு மணித்தியாலத்துக்கு மேல அந்தப் பிள்ளை ஒரு மிடறு தண்ணிதான் குடிச்சவள்” என்றார் அண்ணி. “போ.”

செருப்புக் கிடைக்கவில்லை. வெறுங்காலோடு மேடையேறினேன். ஒரு முழங்காலில் சேற்றுக் கறை, மணிக்கட்டில் வெள்ளை ஒட்டுப்பட்டி, கன்னத்தில் வெயிலுக்குப் பூசிய கறுப்பு மை. ஷரோன் பூமாலைகளுக்குள்ளிருந்து என்னைப் பார்த்து, உதட்டுச் சாயம் கலையாமல் சிரித்தாள்.

பிலோமினா அன்ரி ஏற்கெனவே தட்டோடு ஒரு பக்கத்தில் நின்றார். மறுபக்கம் வெறுமையாக இருந்தது. போய் நின்றேன். வாழைப்பழத் துண்டுகளில் செருகியிருந்த திரிகளை அன்ரி கொளுத்தினார். நான் பிடித்ததும் தட்டு என் பக்கம் சாய்ந்தது. காலையிலிருந்து ஆட்களைத் தள்ளிய கைக்கு ஒரு தட்டின் பாரம் பிடிபடவில்லை.

“இறுக்கிப் பிடி. மூண்டாவது விளக்கு நூரப் போகுது” என்றார் அன்ரி மெதுவாக.

இறுக்கிப் பிடித்தேன். தட்டை உயர்த்திச் சுற்றினோம். ஷரோனின் நெற்றியில் பொட்டு வைத்தபோது, “மாமி, டிட் யூ வின்?” என்று உதடு அசையாமல் கேட்டாள். ஓம் என்றேன். “நைஸ்” என்றாள். படப்பிடிப்பாளர் என்னை இன்னும் கொஞ்சம் முன்னுக்கு வரச் சொன்னார்.

பசி கண்ணைக் கட்டியது. மேடையால் இறங்கியதும்தான் எனக்குத் தரப்பட்ட வேலை நினைவுக்கு வந்தது. சாப்பாட்டுப் பக்கம். அதைப் பார்க்க யாருமே இல்லையே என்று பதறிக்கொண்டு பக்கத்துச் சாப்பாட்டுக் கூடத்துக்கு ஓடினேன்.

எல்லாம் நடந்து முடிந்திருந்தது. பெரிய சட்டிகள் வரிசையாகத் திறந்திருந்தன. காத்திருந்த சனத்துக்கு முதல் பந்தியே முடிந்து, இரண்டாவது பந்தியில் மெலேயும், பின்னால் வந்து சேர்ந்த பொசம்ஸ் பெண்களும் ஆட்டிறைச்சிக் கறியைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். சட்டிகளுக்குப் பின்னால் அண்ணன் நின்றார். பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, கையில் கரண்டியோடு. வேட்டியில் பருப்புக் கறை.

“சாப்பாட்டை ஆர் பாத்தது அண்ணா?”

“நான்தான்.” அவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். “உன்ர இடத்தில நிக்க ஒரு ஆள் வேணுமெல்லோ.”

பிறகு, எனக்கென்று ஒளித்து வைத்திருந்த சோற்றுத் தட்டை எடுத்து, ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, இரு என்றார். நான் இருந்தேன். எத்தனையோ ஆட்டப் பருவங்கள் இரண்டு பக்கமும் ஆடிய எனக்குப் பதிலாக ஒருவர் இறங்கி நின்றது அன்றுதான் முதல் தடவை. அந்தச் சோற்றை நான் அழுதுகொண்டேதான் சாப்பிட்டேன்.